கோமாளி மீனுக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு. 11 மாத ஒப்பந்தம் வருகிற செப்டம்பரில் முடிகிறது. கைக்கு வரும் சம்பளம் 88,000 ரூபாய். வாடகை 32,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 8,000, வீட்டுச் செலவும் மகளின் பள்ளிக் கட்டணமும் 28,000, எஸ்.ஐ.பி. 10,000. மிச்சம் 10,000. அவசரத்துக்கு என்று 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது.

ஆறு வருடமாக மூன்றடி நன்னீர்த் தொட்டியில் ஏஞ்சல், டெட்ரா வளர்க்கிறேன். இப்போது கடல்மீன் தொட்டி வைக்க ஆசை. கடைக்காரர் 1,45,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார்: சம்ப்புடன் (அடியில் வைக்கும் துணைத் தொட்டி) புதுத் தொட்டி 38,000, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) 32,000, பவளத்துக்கான விளக்கு 24,000, லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை) 25 கிலோ 20,000, புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) 13,000, பம்பும் வேவ்மேக்கரும் (தொட்டிக்குள் அலை எழுப்பும் கருவி) 12,000, உப்பு 20 கிலோ 6,000. எஃப்.டி.யை உடைப்பதா, கார்டில் 12 மாதத் தவணையா, 14 சதவீதத்தில் தனிநபர் கடனா? எது நல்லது? — செம்பூர் வாசகர்

பதில்: மூன்றுமே வேண்டாம். ஆனால் தொட்டி வையுங்கள். ஆறு வருடம் ஏஞ்சலை உயிரோடு வைத்திருந்தவருக்கு இது வீண் ஆசை இல்லை.

முதலில் கணக்கு. மாதம் மிஞ்சுவது 10,000. கார்டு தவணையில் வட்டியே இல்லை என்று வைத்தாலும் 1,45,000-ஐ 12-ஆல் வகுத்தால் 12,083 வருகிறது. முதல் மாதமே கை கடிக்கும். ‘வட்டி இல்லாத தவணை’ என்பதும் முழு உண்மை இல்லை. ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி போய்விடும். பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஒரு மாதம் தவறினால் பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதம் வரை போடுவார்கள், அதாவது ஆண்டுக்கு 42. தனிநபர் கடனை 24 மாதத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 6,960, மொத்த வட்டி 22,000-க்கு மேல். தவணை அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் கடல்நீர்த் தொட்டி ஓட மாதம் 3,500 வேண்டும் (கணக்கைக் கீழே தருகிறேன்). இரண்டையும் கூட்டினால் 10,460.

எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம். எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டாலும் உங்கள் வீடு நடக்க மாதம் 68,000 தேவை. 3 லட்சம் என்பது நாலரை மாதத்துக்குக்கூட வராது. அதில் 1,45,000 எடுத்தால் மிஞ்சுவது இரண்டே கால் மாதம். சின்னக் குழந்தையும் ஊரில் வயதானவர்களும் இருக்கிற வீட்டுக்கு அது போதாது.

இப்போது மதிப்பீட்டைப் பார்ப்போம். அதில் ஒரு வரி என்னைப் பதற வைத்தது: லைவ் ராக் 25 கிலோ. நம் கடலில் எடுக்கப்படும் லைவ் ராக் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பாறைப் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. செத்த பவளமாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை. கடையில் பில் போட்டுக் கொடுத்தாலும் பொருள் உங்கள் வீட்டில்தான் இருக்கும். மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி வெட்டி என்ன ஆயிற்று என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வரியை அடித்துவிடுங்கள். செயற்கையாகச் செய்த பீங்கான் பாறை வாங்குங்கள், 6,000-க்குள் முடியும். மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதிலும் குடியேறும், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

புதுத் தொட்டி எதற்கு? உங்கள் மூன்றடித் தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். ஒரு ஜோடி கோமாளி மீனுக்கு அது தாராளம். ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: நோய்க்கு எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தால் பின்னால் இறால், நத்தை விடும்போது ஆபத்து, மீன் மட்டும் வளர்க்கலாம். பவளம் இல்லாத தொட்டிக்கு 24,000 ரூபாய் விளக்கும் வேண்டாம், இருக்கிற எல்.இ.டி. போதும். சம்ப் இல்லாததால் ஸ்கிம்மரை மட்டும் தொட்டி விளிம்பில் தொங்கவிடும் வகையாகக் கேளுங்கள்.

தொட்டி, விளக்கு, லைவ் ராக் மூன்றும் போனால் மிஞ்சுவது 63,000. பீங்கான் பாறை 6,000, ரிஃப்ராக்டோமீட்டரும் (உப்பளவு பார்க்கும் கருவி) சோதனைக் கிட்டும் 6,000, ஆர்.ஓ.-டி.ஐ. வடிகட்டி (தாதுவை முழுக்க நீக்குவது) 5,000 என்று வைத்துக் கூட்டினால் 80,000. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை நம்ப வேண்டாம், அதில் தாது மிச்சம் இருக்கும். கடல் பக்கத்தில்தானே, கேனில் மொண்டு வரலாமே என்ற யோசனையும் வேண்டாம். மும்பைக் கரையோரத் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது, மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். உங்களுக்கு எப்போதும் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அடர்த்தி எண் 1.025 வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும், அதனால் குறைகிற அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். நன்னீர்த் தொட்டிக்காரர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

இந்த 80,000-உம் ஒரே நாளில் தேவையில்லை. அதனால்தான் கடன் வேண்டாம் என்கிறேன். உப்புத் தண்ணீர் ஊற்றியதும் மீன் விட முடியாது. மீனைக் கொல்லும் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகும் சைக்கிளிங் முடிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் 2014-இல் சயானில் இருந்தபோது எல்லாவற்றையும் கார்டு தவணையில் ஒரே நாளில் வாங்கிவிட்டேன். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் பத்தாம் நாள் மீன் விடலாம் என்று கடையில் சொன்னார்கள். ஐந்து மீன் விட்டேன். மூன்றாம் நாள் காலை அம்மோனியா சோதனைக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. வாரத்துக்குள் நாலு மீன் போயிற்று. தவணை அதற்குப் பிறகும் ஒன்பது மாதம் ஓடியது. காசு கட்டியாயிற்று, சும்மா கிடக்கிறதே என்ற எண்ணம்தான் என்னை அவசரப்படுத்தியது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் 10,000-ஐத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஆர்.டி. பெரும்பாலும் குறைந்தது ஆறு மாதம் கேட்கும், இதற்கு வேண்டாம். செப்டம்பர் கடைசியில் 40,000 இருக்கும். பாறை, பம்பு, உப்பு, கிட், வடிகட்டி எல்லாம் 35,000-க்குள். அக்டோபரில் சைக்கிளிங் தொடங்கட்டும். நவம்பர் கடைசியில் ஒரு ஜோடி கோமாளி மீன். பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. கடலில் பிடித்ததைவிடப் பண்ணைக் குஞ்சு தொட்டிக்கு எளிதில் பழகும், தீனியும் எடுக்கும். செத்துச் செத்து மறுபடி வாங்கும் செலவு குறையும்.

சில்லர் டிசம்பர், ஜனவரியில் அவசரம் இல்லை. மார்ச் முடிவதற்குள் வேண்டும். பெங்களூரில் ஒரு மின்விசிறியை நீர்ப்பரப்பில் ஓடவிட்டே பலர் சமாளிக்கிறார்கள். மும்பைக் காற்றின் ஈரத்தில் அது அவ்வளவு பலிக்காது. சில்லர் வரும்வரை மாதச் செலவு சுமார் 2,250. மீதி 7,750-ஐ ஆறு மாதம் சேர்த்தால் 46,500, பழைய மிச்சம் 5,000. ஸ்கிம்மர், சில்லர் இரண்டுக்கும் 45,000 போக 6,500 மீனுக்கும் தீனிக்கும் நிற்கும். தொட்டியை மூடிவிடுகிறவர்களிடம் பழைய சில்லர் கிடைத்தால் பாருங்கள். ஆனால் அரை மணி ஓடவிட்டு, தெர்மாமீட்டர் இறங்குகிறதா என்று நின்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மாதம் 3,500 எப்படி வந்தது? பம்பும் ஸ்கிம்மரும் சேர்ந்து 50 வாட், நாள் முழுக்க: 1.2 யூனிட். விளக்கு 40 வாட், எட்டு மணி நேரம்: 0.32. சில்லர் 200 வாட், கோடையில் பன்னிரண்டு மணி நேரம்: 2.4. மாதத்துக்கு ஏறக்குறைய 118 யூனிட். மும்பையில் வீட்டு மின்கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறும். இப்போது 250 யூனிட் எரிக்கிறீர்கள் என்றால் இந்த 118-இல் 68 யூனிட் அடுத்த படியில் விழும். சராசரி 12 ரூபாய் என்று போட்டேன், 1,400. வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்ற மாதம் 3 கிலோ உப்பு, 900. தீனி, கிட், வடிகட்டி 800. மீதி 400-ஐப் பம்பு பழுதானால் எடுக்க ஒதுக்குங்கள்.

கடைசியாக, வீடு. தண்ணீர், பாறை, கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவுக்கு மேல் வரும். செப்டம்பரில் ஒப்பந்தம் புதுப்பித்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். புதுப்பிக்கும்போது தொட்டிக்கு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கீழ்வீட்டுக் கூரையில் கசிந்தால் பிடிப்பது உங்கள் டெபாசிட்டில்தான். வீடு மாற்றச் சொன்னால் சில்லர் வாங்குவதை நிறுத்திவையுங்கள், பணம் கணக்கிலேயே இருக்கட்டும். உப்பு பிளக்கில் வெள்ளையாகப் படியும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல் சுவரில் உயர மாட்டுங்கள்.

ஏப்ரலில் சில்லர் ஓடத் தொடங்கிய பிறகு வருகிற முதல் மின்பில்லை எனக்கு அனுப்புங்கள். என் 118 யூனிட் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து மாதக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.