பேஸ் கிற்றாரும் படலைப் பாட்டும்

அன்பின் அண்ணா,

களுவாஞ்சிகுடிப் பக்கம் என் ஊர். ஏழெட்டு வருடமாக ஓர் இசைக்கோஷ்டியில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, பாடசாலை விழா, கல்யாண வீடு என்று எல்லா மேடையும் ஏறியாயிற்று. வாசிப்பதெல்லாம் சினிமாப் பாட்டுத்தான். கொஞ்சக் காலமாக இரவில் லப்டொப்பில் டான்ஸ் மியூசிக் செய்கிறேன், நானே எழுதிய பாட்டுகளை வைத்து. தனியாகப் போகலாம் என்று சொன்னதும் எங்கள் லீடர் அண்ணனுக்குக் கோபம். "டப்பு டப்பெண்டு அடிக்கிறதுக்கு எதுக்குடா பாட்டு? எழுதுறதெண்டா எழுது, டிஜே ஆகிறதெண்டா ஆகு" என்கிறார். பென் வாட் என்ற இங்கிலாந்துக் கலைஞரும் டிஜே ஆகிப் பத்து வருடத்தை வீணாக்கியவர்தானே என்று ஒரு நண்பன் வேறு சொல்கிறான். இரண்டும் ஒருவனுக்குச் சரிவராதா? ஒரு பாட்டை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்பின் தம்பி,

பாட்டைக் கேட்டேன். அதைக் கடைசியில் பேசுவோம், முதலில் பென் வாட்.

உங்கள் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பென் வாட் 1982இல், ஹல் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ட்ரேசி தோர்னோடு சேர்ந்து 'எவ்ரிதிங் பட் த கேர்ள்' என்ற குழுவை ஆரம்பித்தவர். அடுத்த வருடமே 'நோர்த் மரீன் டிரைவ்' என்று ஒரு தனி அல்பம், அமைதியான கிற்றார் பாட்டுகள். 1994இல் இருவரும் எழுதி வெளியிட்டதுதான் 'மிஸ்ஸிங்'. ஒருத்தி ரயிலால் இறங்கி, பழகிய ஒருவர் இருந்த தெருவில் நடக்கிறாள். ஆள் இப்போது அங்கே இல்லை. அவ்வளவுதான் கதை. வந்த புதிதில் அது பெரிதாகப் போகவில்லை. 1995இல் நியூயோர்க்கில் ஹவுஸ் என்ற கிளப் ஆட்ட இசை செய்யும் டொட் டெரி அதை ரீமிக்ஸ் செய்தார். குரலும் கதையும் இருந்தபடி இருக்க, அடியில் தாளம் மாறியது. பிரித்தானியாவில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 2ஆம் இடம். பிரிவைப் பற்றிய ஒரு பாட்டுக்கு அத்தனை பேர் ஆடினார்கள். போனவர்களை நினைத்து இத்தனை வீடுகள் காத்திருக்கும் எங்கள் கரையில் அந்தப் பாட்டை விளங்க ஆங்கிலம்கூட அதிகம் தேவைப்படாது.

அதன் பிறகு வாட் முழுதாக ஆட்ட இசைப் பக்கம் போனார். கிளப் இரவுகள், 2003இல் 'பஸ்ஸின் ஃப்ளை' என்ற சொந்த லேபல், அதுவும் பத்து வருடம். பிறகு 2014இல், சகோதரி ஒருவரை இழந்த துயரத்தோடு, 'ஹெண்ட்ரா' என்ற அல்பத்தோடு பாட்டுக்குத் திரும்பினார். முதல் தனி அல்பத்துக்கும் இதற்கும் நடுவில் 31 வருடம். உங்கள் நண்பர் வீண் என்று சொல்வது இந்த இடைவெளியில் வந்த அந்த டிஜே வருடங்களைத்தான். 'ஹெண்ட்ரா'வை இரவில் தனியே இருந்து கேளுங்கள். எங்கே பாடாமல் நிற்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. ஆடும் கூட்டத்துக்கு முன்னால் நின்று, எப்போது கூட்டுவது எப்போது குறைப்பது என்று வருடக்கணக்கில் பார்த்த மனிதருக்கு வருகிற நிதானம் அது என்றே நான் நம்புகிறேன். 2023இல் தோர்னோடு மறுபடி சேர்ந்து 'ஃபியூஸ்' அல்பமும் தந்தார். அதில் ஆட்டமும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது.

இதே ஹல் நகரில் இன்னொரு குழுவும் இருந்தது, 'ஹவுஸ்மார்ட்டின்ஸ்'. அதன் பேஸ் கிற்றார்காரர் நோர்மன் குக், உங்கள் வாத்தியம்தான். குழு கலைந்தபின் அவர்தான் ஃபற்பாய் ஸ்லிம் என்று உலகம் அறிந்த டிஜே. அவருடைய 'பிரைஸ் யூ' பாட்டில் வரும் குரல், கமீல் யார்ப்ரோ என்ற பாடகி 1975இல் பாடிய பழைய பாட்டிலிருந்து எடுத்தது. பிறர் குரலைத் தேடிப் பிடித்துப் புதிதாக்கும் வழி அது, அதற்கும் பெரிய காது வேண்டும். ஆனால் நீங்கள் எனக்கு அனுப்பியது சொந்தச் சொல். ஆகவே வாட்டின் வழிதான் உங்களுக்குப் பொருந்தும். ஒன்று கவனித்தீர்களா? ஹல் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்துத் துறைமுக ஊர், லண்டனிலிருந்து எட்ட இருப்பது. கொழும்புக்குப் போனால்தான் நடக்கும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

லீடர் அண்ணனின் கேள்வி அடுத்தது. ஆடுகிறதுக்கு எதுக்குப் பாட்டு என்று மட்டக்களப்பில் இருந்துகொண்டு கேட்கலாமா? வடமோடிக் கூத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டைச் சொல்ல, வேடம் போட்டு வரும் வரவுக்காரன் ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடுகிறான். ஆடி முடித்த அதே ஆள்தான் மூச்சு வாங்க நின்று தரு என்ற கூத்துப் பாட்டைப் பாடுகிறான், பிற்பாட்டுக்காரர் வாங்கிப் படிக்கிறார்கள். வசந்தனில் கோலடித்துச் சுற்றும் பிள்ளைகளுக்குப் பாட்டு நின்றால் ஆட்டமும் நிற்கும். வேளாண்மை வெட்டுக்குக்கூட அதில் பாட்டு இருக்கிறது. டவுன் பக்கத்துப் பறங்கியர் கல்யாண வீட்டுக் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் அப்படியே, வயலினோடு போர்த்துக்கேயப் பாட்டும் சேர்ந்துதான் ஆட்டம். பைலாவுக்கு வேர் அங்கே. இதெல்லாம் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிற சாமான். ஹவுஸ் இசையின் கிக், அதாவது அடித்தள ட்ரம் அடி, நாலு நாலாக விழட்டும், உங்கள் பேஸ் அதன் மேல் மூன்று மூன்றாக நடக்கட்டும். செய்து பாருங்கள்.

கோஷ்டியை விடுவது பற்றி: ஒப்புக்கொண்ட திருவிழாக்களை முடித்துக் கொடுங்கள், உங்கள் இடத்துக்கு ஒரு பொடியனைப் பழக்கிவிடுங்கள், பிறகு விலகுங்கள். சொந்தப் பாட்டு உடனே காசு தராது, அதற்கும் வீட்டில் ஒரு வழி பார்த்து வையுங்கள்.

சரி, பாட்டு. "கடைசி பஸ்ஸும் போயிற்று / படலை இன்னும் திறந்து கிடக்கு." நல்ல வரிகள், தம்பி. முதல் வரியில் குறிலும் வல்லினமும் அதிகம் இருப்பதால் கிக்கோடு சேர்ந்து ஓடுகிறது. இரண்டாவது வரி இழுத்துப் பாட வேண்டியது, "படலை"யின் லையில் குரல் நிற்கவே பார்க்கிறது. நீங்களோ அதே அடியை அங்கும் ஓட விட்டு அதை விழுங்க வைத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் நாலு பாருக்குக் கிக்கை எடுத்துவிடுங்கள். குரலும் பேஸும் மட்டும் இருக்கட்டும். "கிடக்கு" முடிந்ததும் கிக் திரும்பி வரட்டும்.

அப்புறம் இரண்டாவது சரணத்தில் "நிலவும் அழுகிறது" என்று ஒரு வரி. பஸ்ஸும் படலையும் நீங்கள் பார்த்தவை, நிலவு மட்டும் நீங்கள் மேடையில் வாசித்த பாட்டுகளிலிருந்து வந்து குந்திவிட்டது. அதை எடுங்கள். அந்த நேரம் அந்த வீட்டு வாசலில் வேறு என்ன இருந்தது, யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அதை எழுதி மறுபடி அனுப்புங்கள், கேட்கிறேன்.