சரக்கு கம்பெனி சேல்ஸ் வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

அம்மா, பி.காம். முடித்த பையனுக்கு ராணிப்பேட்டை ஃப்ரெயிட் ஃபார்வர்டிங் கம்பெனியில் சேல்ஸ் வேலை வந்திருக்கிறது, "வீடு வீடா ஏறி இறங்குற வேலையா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவன் விற்கப்போவது கப்பலிலும் விமானத்திலும் இடம். வாங்குகிறவர்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்காரர்கள். ஃபார்வர்டருக்குப் பெரும்பாலும் சொந்தக் கப்பல் கிடையாது. கப்பல் கம்பெனியிடம் ரேட் வாங்கி, தன் லாபத்தை மேலே வைத்து, கன்டெய்னரைச் சென்னை துறைமுகத்திலோ காட்டுப்பள்ளி துறைமுகத்திலோ ஏற்றிவிடுவார்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்துச் சரக்கு நிறைய எஃப்.ஓ.பி. முறையில் போகிறது. அதாவது கப்பல் கூலி, சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரர் பொறுப்பு. எந்த ஃபார்வர்டர் என்பதையும் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு அவரே முடிவுசெய்வார். ஆம்பூர் ஆபீஸ் வாசலில் பையன் எத்தனை நாள் காத்துக்கிடந்தாலும் அது கிடைக்காது. அவன் பிடிக்கவேண்டியது கப்பல் கூலியை நம் ஊர்க்காரரே கட்டுகிற சி.ஐ.எஃப். ஏற்றுமதியும், தோல் ரசாயனம், மெஷின் போன்ற இறக்குமதியும்தான். அதனால் இன்டர்வியூவில் அவனே கேட்கட்டும்: "ஃபாரின் பையரே உங்களைக் கைகாட்டிக் கொடுக்கிற நாமினேஷன் சரக்கு உங்களிடம் எவ்வளவு? நான் புதிதாகப் பிடிக்கவேண்டியது எவ்வளவு? டார்கெட் எந்த மாதத்திலிருந்து?" மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். பாக்கி வசூலும் சேல்ஸ் ஆள் தலையில்தானா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. பல இடத்தில் அப்படித்தான்.

பேச்சுத் திறமையைவிட கணக்கு முக்கியம். விமானச் சரக்கில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். அதில் வருகிற கிலோ, தராசு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஒரு கனமீட்டர் ஷூ தராசில் 120 கிலோ காட்டினாலும் பில் 167 கிலோவுக்கு வரும். இதைச் சொல்லாமல் கிலோ ரேட்டை மட்டும் சொல்லிவிட்டு வந்தவனை எக்ஸ்போர்ட் மேனேஜர் மறுபடி உள்ளே விடமாட்டார். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கி, ஐரோப்பாக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. அப்படிப்பட்ட சமயத்தில் பார்ட்டி கேட்கும் முன்பே போன் போட்டுச் சொல்கிற ஆளைத்தான் அவர்கள் விடுவதில்லை.

கூச்சமுள்ள பையன் என்கிறீர்கள். பரவாயில்லை, சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கூப்பிடுவானா என்று மட்டும் யோசியுங்கள். இரண்டு வருஷம் கழித்தும் சேல்ஸ் ஒத்துவரவில்லையென்றால், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற கஸ்டம்ஸ் புரோக்கரிடம் சேர்ந்து, அந்த வேலைக்கான ஜி கார்டு பரீட்சை எழுதலாம். சம்பளம் பேசும்போது பெட்ரோல் படியை விட்டுவிடாதீர்கள். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் போய்வர மட்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும்.