முழங்கால் ஜவ்வுத் தேய்மானம்: ஆபரேஷனா, மாற்று வைத்தியமா?

ஆபரேஷனா, எண்ணெய்க்கட்டா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு 47 வயது, இரண்டு வருட முட்டி வலி. டாக்டர் துளை போட்டுச் சுத்தம் செய்யலாம் என்கிறார், வீட்டில் எண்ணெய்க்கட்டுப் போடச் சொல்கிறார்கள். ஆறு வருடம் முன்னால் எனக்கும் இதே பாடுதான்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க ஆறு தறிக்கு நடுவே நடை. ராத்திரியானால் வலது முட்டி உப்பிக்கொள்ளும். ஸ்கேனில் ஜவ்வுத் தேய்மானம், ஓரத்தில் ஒரு கிழிசல். முதல் டாக்டர் அடுத்த வாரமே ஆர்த்ராஸ்கோப்பிக்கு, அதாவது அந்தத் துளை போடும் ஆபரேஷனுக்கு, தேதி கொடுத்தார். இரண்டாவதாகப் பார்த்தவர், "நடக்கும்போது முட்டி பூட்டுன மாதிரி சிக்கிக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அவசரமில்லைங்க."

அவர் சொல்லித்தான் தெரியும்: 2002-ல் அமெரிக்காவில் தேய்மானக்காரர்கள் சிலருக்கு நிஜமாகவே மூட்டைச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. இரண்டு வருடம் கழித்தும் இரு தரப்பாருக்கும் இடையே வலியில் வித்தியாசமில்லை.

எண்ணெய்க்கட்டு 21 நாள் போட்டேன். கட்டு இருந்தவரை சுகம், அவிழ்த்த பத்தாம் நாள் பழைய கதை. முடக்கத்தான் தோசை நாக்குக்கு நன்றாக இருந்தது. எலும்பு முனையை மூடியிருக்கும், தேய்ந்துபோகிற இந்த ஜவ்வில் ரத்த ஓட்டமே இல்லை, அதனால் தானாக வளராது. வளர்த்துக் காட்டுகிறேன் என்று எவர் சொன்னாலும், எண்ணெயோ ஊசியோ, எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குக் கேட்டது துண்டு வைத்தியம்தான். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடை இறுகும்படி கீழே அழுத்திப் பத்து எண்ணவேண்டும். பிசியோதெரபிஸ்ட் தொடையில் விரலால் தட்டிப் பார்ப்பார், கல்லாக இல்லாவிட்டால் கணக்கில் சேர்க்கமாட்டார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, மூன்றாம் மாதம் வீக்கம் நின்றது. ஏழு கிலோ எடையும் குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறையுமாம்.

அம்மா விஷயம் வேறு. 69 வயதில் எலும்போடு எலும்பு உரசி, இரண்டு காலும் வில்லாக வளைந்துவிட்டது. "கத்தி வெச்சா நடையே போயிருமாமே சாமி" என்று இரண்டு வருடம் தைலத்திலேயே ஓட்டினார். அந்த இரண்டு வருடம் வீண். மூட்டு மாற்றியபின் தனியாகச் சந்தைக்குப் போகிறார், தரையில் மட்டும் உட்காருவதில்லை. 2017-ல் அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்ததால் செலவும் எங்களுக்குக் கட்டுப்படியானது.

உங்கள் முட்டி சிக்கிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதம் துண்டைப் பிடியுங்கள். காய்ச்சலோடு சிவந்து வீங்கினால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.