கடல் தாண்டி வர வேண்டிய ஆதாரம்: சட்டக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சேலம் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், வசிப்பது அஸ்தம்பட்டியில்.)

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர்: ஜெர்மனியில் ஒருவருக்குக் காபிக் கொட்டை அனுப்புகிறேன். என் பெயரில் யாரோ போலி மெயில் போட்டு, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று அவரை நம்பவைத்து, எனக்கு வரவேண்டிய பணத்தை வேறு கணக்கில் கட்ட வைத்துவிட்டார்கள். புகார் கொடுத்தால், 'வெளிநாட்டிலிருந்து ஆதாரம் வரணும், நாளாகும்' என்கிறார்கள். ஏன் ஐயா நாளாகிறது?

முதலில், உங்கள் வாடிக்கையாளரிடம் இன்றே பேசுங்கள். அந்தப் போலி மெயிலை அவர் அழிக்கக் கூடாது. உங்களுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. ஃபார்வர்டு செய்ததில், மெயில் எந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்று காட்டும் தலைப்பு வரிகள் சரியாக வராது. மூல மெயில் அவருடைய பெட்டியிலேயே இருக்கட்டும். அங்கே அவரும் தன் வங்கியிலும் போலீசிலும் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் புகார் எண்ணை அவருக்கும், அவருடையதை இங்குள்ள விசாரணை அதிகாரிக்கும் கொடுத்து வையுங்கள்.

இனி, ஏன் நாளாகிறது என்பது. அங்குள்ள வங்கிக் கணக்கு விவரம் நம் கோர்ட்டில் சாட்சியமாக நிற்க வேண்டுமென்றால், முறைப்படி கேட்டு வாங்கியாக வேண்டும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 112-வது பிரிவுப்படி, விசாரணை அதிகாரி மனுப் போட்டு, கோர்ட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுக்கும். பழைய சட்டத்தில் இது 166ஏ. அந்தக் கடிதம் டெல்லியில் உள்துறை அமைச்சகம் வழியாக அந்த நாட்டு அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து அரசு வழக்கறிஞர், போலீஸ், கடைசியில் வங்கி. பதிலும் அதே படிகளில் இறங்கி வர வேண்டும். இதற்கான பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் இந்தியாவும் ஜெர்மனியும் 2024 அக்டோபரில்தான் கையெழுத்திட்டன.

கடிதத்தில் ஒரு குறை இருந்தால் மொத்தமும் திரும்பி வரும். அது போய் வருவதற்குள் மெயில் கம்பெனிகளின் பதிவுகள் அழிந்துபோகலாம். அதனால் 'அழிக்காமல் வைத்திருங்கள்' என்ற கோரிக்கையைத் தனியாக, உடனே அனுப்பச் சொல்லி அதிகாரியிடம் கேளுங்கள். மெயில் கம்பெனி அமெரிக்காவில் இருந்தால், அந்த நாட்டுச் சட்டப்படி, அங்குள்ள அரசு அமைப்பு ஒன்று கேட்டால், கம்பெனி 90 நாள் பாதுகாத்து வைத்தாக வேண்டும். மறுபடி கேட்டால் இன்னும் 90 நாள். இதை ஒன்றுக்கு இரண்டு தடவை நினைவுபடுத்துங்கள். தப்பில்லை.

ஆத்தூரிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி: ஐரோப்பாவில் நீதிபதிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும், குற்ற வழக்கு ஆதாரங்களைக் கணினி வழியாகப் பரிமாறப் பயிற்சி கொடுக்கிறார்களாமே? மெயில் அனுப்பத் தெரியாதா அவர்களுக்கு?

மெயில் அனுப்புவது போன்ற காரியம் இல்லையம்மா இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல் 'ஐரோப்பிய விசாரணை ஆணை' என்று ஒரு சட்டம் போட்டார்கள். 2017 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. மற்ற நாடுகளில் ஒரு நாட்டு நீதிபதியோ அரசு வழக்கறிஞரோ, இன்னொரு நாட்டில் இருப்பவருக்கு நேராகவே ஆணை அனுப்பலாம். நடுவில் அமைச்சகம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. எல்லோருக்கும் ஒரே படிவம். கிடைத்த ஒரு வாரத்துக்குள் ஒப்புகை, ஏற்பதா இல்லையா என்று 30 நாளில் முடிவு, அதன்பின் 90 நாளில் ஆதாரம் என்று கெடுவும் வைத்திருக்கிறார்கள். இந்தப் படிவமும் ஆதாரமும் பாதுகாப்பாகப் போய்வர ஐரோப்பிய ஆணையம் ஒரு மின்னணு அமைப்பைச் செய்து கொடுத்திருக்கிறது. அது 'ஈ-கோடெக்ஸ்' என்னும் இணைப்புத் தொழில்நுட்பத்தின் மேல் ஓடுகிறது.

கணினி தயாரானால் போதாது, படிவத்தை நிரப்புகிறவர் தயாராக வேண்டும். பயிற்சி அதற்குத்தான். ஐரோப்பிய நீதித்துறைப் பயிற்சி வலையமைப்பு என்று ஒன்று 2000-லிருந்து இருக்கிறது. அவர்கள் நடத்தும் பயிற்சியில் இரண்டு மூன்று நாட்டு ஆட்களை ஒன்றாக உட்கார வைத்து, ஒரு கற்பனை வழக்கைக் கொடுக்கிறார்கள். ஒரு தரப்பு ஆணையை எழுத வேண்டும். மறு தரப்பு அதை வாங்கி நிறைவேற்றிப் பார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'கணக்கு விவரம் எல்லாவற்றையும் அனுப்பவும்' என்று எழுதுகிறவருக்கு, அதை வாங்கிப் படித்துவிட்டு எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று விழிக்கிறவரின் சங்கடம் நேரில் தெரியும். சொற்பொழிவு கேட்டு இது வராது.

இன்னொன்றும் இருக்கிறது. 2023-ல் போட்ட சட்டத்தின்படி, மெயில், சமூக ஊடகக் கம்பெனிகளிடமே நேராக ஆணை கொடுக்கலாம். கெடு சாதாரணமாக 10 நாள், அவசரமென்றால் 8 மணி நேரம். நடைமுறைத் தேதி 2026 ஆகஸ்ட் 18. இவையெல்லாம் அவர்களுக்குள் மட்டும். நம் கோரிக்கை இந்த வழியில் போகாது.

அம்மாபேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: காகிதம் என்றால் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். கணினியில் வருவதை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாமே?

திருத்தினால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது சார். ஒரு கோப்பை ஹாஷ் கணக்கில் போட்டால் நீளமாக ஓர் எண்-எழுத்து வரிசை வரும். எஸ்.எச்.ஏ-256 என்ற ஹாஷ் வகை என்றால் 64 இடங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை வேறாகிவிடும். 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் வேண்டும் என்கிறது. அதன் 'ஏ' பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும், 'பி' பகுதியை நிபுணரும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஹாஷ் மதிப்பை எழுதவும் அதில் இடம் இருக்கிறது.

ஆனால் அதை எழுதுவதும் மனிதக் கைதான். நான் வேலையில் இருந்தபோது ஒரு வழக்கில், மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பதிவில்) இருந்த ஹாஷ் வரிசையும் ஆய்வக அறிக்கையில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் '6' இருக்க வேண்டிய இடத்தில் 'பி' என்ற ஆங்கில எழுத்து. யாரும் எதையும் திருத்தவில்லை. பார்த்துப் பார்த்து டைப் அடித்ததில் வந்த பிழை. அதைச் சரிசெய்ய நிபுணரை மறுபடி கூப்பிட்டு, வாய்தா மேல் வாய்தா. அதனால்தான் சொல்கிறேன்: ஹாஷைக் கையால் அடிக்காதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள், இல்லையென்றால் கருவி கொடுக்கும் அறிக்கையையே இணையுங்கள்.

ஓமலூரிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞர்: நம் பக்கத்துக்கும் அப்படி ஒரு பயிற்சி வேண்டுமென்றால் எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

தம்பி, இதை நான் பல நாள் யோசித்ததுண்டு. தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாதமி சென்னையில் இருக்கிறது, கோவையிலும் மதுரையிலும் அதன் மையங்கள். இடத்துக்குக் குறைவில்லை. யார் யாரைச் சேர்த்து உட்கார வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். மாஜிஸ்திரேட், அரசு வழக்கறிஞர், சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர், அப்புறம் கோர்ட்டு ஊழியர் ஒருவர்: இந்த நாலு பேரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். ஊழியரை விட்டுவிடாதீர்கள். கடிதத்தோடு எந்தெந்த இணைப்பு போக வேண்டும், பக்க எண் சரியா, மொழிபெயர்ப்பு சான்றிடப்பட்டதா என்று கடைசியாகப் பார்க்கிறவர் அவர்தான்.

அந்த ஏற்காட்டு அன்பரின் வழக்கைப் போல ஒன்றைக் கொடுத்து, கோரிக்கைக் கடிதத்தை ஒரே நாளில் எழுதச் சொல்வேன். மறுநாள் அறையை மாற்றி, ஜெர்மன் அதிகாரியாக உட்கார்ந்து அதே கடிதத்தைப் படிக்கச் சொல்வேன். மூன்று விஷயத்தில் விடவே மாட்டேன். குற்றம் என்ன, அதற்கும் கேட்கிற ஆதாரத்துக்கும் என்ன தொடர்பு என்பது ஒரு பத்தியில் தெரிய வேண்டும். சட்டப் பிரிவின் எண்ணை மட்டும் போட்டால் பத்தாது; பிரிவின் வாசகமே இருக்க வேண்டும், அந்த ஊர்க்காரருக்கு நம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு ஏமாற்றுக் குற்றம் என்று எப்படித் தெரியும்? மூன்றாவது, நேரம். இந்திய நேரத்துக்கும் ஜெர்மன் நேரத்துக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. 'மாலை 6 மணி' என்று மட்டும் எழுதினால் யாருடைய 6 மணி? இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி வேறொருவருக்குக் கைமாற அந்த இடைவெளி போதும். சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவை அங்கே தட்டிவிடுவார்கள். உலகப் பொது நேரத்தையும் (யு.டி.சி.) சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்புக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குவேன். தமிழில் இருக்கும் புகாரிலிருந்து ஆங்கிலம், அதிலிருந்து ஜெர்மன் என்று போகும்போது, 'கணக்கை மாற்றச் சொன்னார்' என்பது யார் யாரிடம் சொன்னது என்றே தெரியாமல் போகும். எழுவாயை விழுங்கி எழுதும் நம் பழக்கத்தை இங்கே விட்டாக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளி வியாபாரி: இன்டர்போல் மூலமாகக் கேட்டால் சீக்கிரம் வந்துவிடாதா?

தகவல் வரலாம். யாரைத் தேட வேண்டும், எந்த வங்கி என்று துப்புக் கிடைக்கும். மாநில போலீஸ் அதற்காக, இன்டர்போலுக்கு இந்தியத் தொடர்பாக இருக்கும் சி.பி.ஐ.யை அணுக 'பாரத்போல்' என்ற தளமும் 2025 ஜனவரியில் வந்திருக்கிறது. ஆனால் அப்படி வந்த தகவலைச் சாட்சியமாகக் கோர்ட்டில் வைக்க, முறையான கோரிக்கைக் கடிதம் வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ஒன்று முடியட்டும் என்று மற்றதை நிறுத்தி வைக்க வேண்டாம்.