"தம்பியிடமிருந்தும் லெட்டர் வந்தது"

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். பெரியப்பாவும் சித்தப்பாவும் பட்டாளத்துக்காரர்கள். நடுவில் பிறந்த என் அப்பா மட்டும் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். மூவரும் இப்போது இல்லை. பழைய வீட்டை ஒழித்தபோது, பெரியப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் 23 கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் 1969 முதல் 1972 வரை, இரண்டு பேரும் என் அத்தைக்கு (அவர்களுடைய அக்கா) எழுதியவை. சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. மழை, மணியார்டர், செவலைப் பசு, இவ்வளவுதான். ஆனால் 1971 டிசம்பர் 20ஆம் தேதி பெரியப்பா, "தம்பியிடமிருந்தும் லெட்டர் வந்தது, நலமாக இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறார். ஜனவரியில் வந்த சித்தப்பா கடிதத்திலோ, 10ஆம் தேதியே கையில் அடிபட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக இருக்கிறது. அதுவும் பக்கத்துக் கட்டில்காரர் எழுதித் தந்தது. இந்த இரண்டு கடிதமும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து இருந்தன. பெரியப்பா மகன், "அப்பா பொய் சொன்னார் என்று ஊர் பேசவா? கொடு, கிழித்துவிடுகிறேன். அவர் எழுதியது எனக்குத்தான் சொந்தம்" என்கிறான். அத்தைக்கு 80 வயது. அவரிடம் இதைச் சொல்லலாமா?

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் கடிதங்களை உங்கள் அண்ணன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கோபம் தணிந்த பிறகு அவரே வந்து கேட்பார். கிழித்தது ஒட்டாது.

பெரியப்பா பொய் சொன்னார் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கடிதத்தின் மேலே இருக்கும் முகவரியைப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அதற்குக் கீழே '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) என்றுதான் இருக்கும். இவை ஊர்ப் பெயர்கள் அல்ல, வரைபடத்தில் தேட வேண்டாம். 56 என்றால் டெல்லியில் உள்ள படைத்துறை அஞ்சல் நிலையம் வழியாகப் போகும். 99 என்றால் கல்கத்தா வழி, அதாவது கிழக்குப் பக்கம். பெரியப்பா முகவரியில் 56, சித்தப்பா முகவரியில் 99 என்று இருந்தால், அண்ணன் ஒரு முனையிலும் தம்பி மறு முனையிலும் இருந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அந்த 1971 இந்தியா-பாகிஸ்தான் சண்டை டிசம்பர் 3ஆம் தேதி மூண்டு, 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு முடிந்தது. மொத்தமே 13 நாள். கிழக்கிலிருந்து மேற்குக்குத் தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகியிருக்கும்? நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ சித்தப்பா எழுதிய "நலம்", 20ஆம் தேதி வாக்கில் பெரியப்பா கைக்கு வந்திருக்கலாம். வந்தது உண்மை, நலம் என்று எழுதியிருந்ததும் உண்மை. எழுதிய கைக்குத்தான் அதற்குள் அடிபட்டிருந்தது.

போர்க்கால நலம் என்பது எழுதிய நாளின் நலம். படிக்கிற நாளின் நலம் அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்து வீடே அழுது ஓய்ந்த பிறகு, காயத்துக்கு முந்தி எழுதிய லெட்டரைத் தபால்காரர் சிரித்த முகத்தோடு நீட்டுவதும் உண்டு. உங்களிடம் 23 கடிதம் இருக்கிறதே, ஒரு சின்ன வேலை செய்யுங்கள். களத் தபால் முத்திரையில் ஊர் இருக்காது, எஃப்.பி.ஓ. (ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ்) என்று ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். பின்பக்கம் உங்கள் ஊர்த் தபால் நிலையத்தின் பட்டுவாடா முத்திரை பதிந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று கூட்டிப் பாருங்கள். டிசம்பரில் அந்த இடைவெளி நீண்டிருந்தால், என் சந்தேகத்துக்கு வலு கூடும்.

சரி, அப்படியே பொய்யாகவே இருக்கட்டும். அதையும் யோசித்தேன். தம்பியிடமிருந்து தகவலே இல்லாமல் தவித்துக்கொண்டு, அம்மா மனம் ஆறட்டும் என்று அந்த ஒரு வரியை எழுதியிருந்தாலும் எனக்கு அவர் மேல் மரியாதைதான் கூடுகிறது. அது அத்தைக்கான வரிகூட இல்லை. உங்கள் பாட்டிக்கு எழுத்து தெரிந்திருக்குமா? அந்தக் காலத்துப் பட்டாளத்து லெட்டர், தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க, தெரியாத பத்துப் பேர் திண்ணையைச் சுற்றி நின்று கேட்கிற சமாசாரம். எங்கள் தெருவில் என் தாத்தாதான் படித்துச் சொல்வார், வாத்தியார் என்பதால். நலம் விசாரிப்பு முடிந்து, சேதியை 'இப்பவும்' என்று அவர் தொடங்கியதும் முந்தானைகள் வாய்க்குப் போய்விடும். இது தெரிந்தவன் என்ன எழுதுவான்? குண்டு விழுந்ததையா எழுதுவான்?

சண்டை பற்றி ஒரு வரி இல்லை என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். இருக்கும் இடத்தையும் யூனிட் நகர்வதையும் எழுதக் கூடாது என்பது பட்டாளத்து விதி. இது நேற்று வந்ததல்ல. முதல் உலகப் போரில், 1914இலும் 1915இலும் பிரான்சில் நின்ற இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்து வடிகட்டவே பொலோன் நகரில் தணிக்கை அலுவலகம் இருந்தது. அவர்களில் பலர் பஞ்சாபிகள், பட்டாணியர்கள். அதற்குத் தப்ப அவர்களும் வழி கண்டார்கள். 'கறுமிளகு தீர்ந்துகொண்டே வருகிறது' என்கிற மாதிரி எழுதினால், நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். 'தம்பியைப் பட்டாளத்தில் சேர்க்காதீர்கள்' என்று வீட்டுக்கு எழுதியவர்களும் உண்டு. இது நமக்குத் தெரிய வந்ததே, தணிக்கைக்காரர்கள் அந்த வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்ததால்தான். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சிப்பாயின் கையெழுத்து பெரும்பாலும் போன இடம் தெரியவில்லை. உங்களிடம் கையெழுத்தே இருக்கிறது, பிள்ளையார் சுழியோடு.

அதனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடுவதை விட்டு, என்ன கேட்டார்கள் என்று படியுங்கள். 'மேட்டுக்கொல்லையில் தண்ணீர் இருக்கிறதா', 'அம்மா கால் வீக்கம் வடிந்ததா' என்கிற மாதிரிக் கேள்விகள் நிச்சயம் இருக்கும். எந்த மாதத்திலிருந்து கேள்விகள் கூடுகின்றன, எப்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனித்தால், எழுதியவர் மனம் எங்கே கிடந்தது என்று பிடிபடும்.

அண்ணன் கேட்ட சொந்தத்துக்கு வருகிறேன். காகிதம், அது யாருக்கு வந்ததோ அவருடையது. ஆக, அத்தையுடையது, உங்களுடையதும் அல்ல. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. ஆகவே ஃபேஸ்புக்கிலோ புத்தகத்திலோ போடுவதானால் அண்ணனையும் சித்தப்பா பிள்ளைகளையும் கேட்டே ஆக வேண்டும். கிழிக்கிற உரிமை மட்டும் அவருக்கு இல்லை. இதைச் சண்டையாகச் சொல்லாமல், மேலே சொன்ன தேதிக் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். அப்பாவைக் காப்பாற்றத் துடிக்கிறார், பாவம். அதற்கு நல்ல வழி இதுதான்.

சித்தப்பாவின் காயம் பற்றி விவரம் வேண்டுமானால், அவர் பிள்ளைகள் அவருடைய ரெஜிமெண்டின் ஆவணப் பிரிவுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள். கடிதத்தில் இருக்கும் அவரது நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பைப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, காற்றுப் படும் அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும்.

அத்தையிடம் சொல்லலாமா என்கிறீர்கள். அந்த இரண்டு கடிதத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாவாகவும் இருக்கலாம், பெட்டி அவருடையது. ஆனால் 23 கடிதமும் வந்தது அத்தைக்கு. தேதி முரணை உங்களுக்கு 50 வருஷம் முந்தியே அவர் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள். பெட்டியோடு போங்கள். விசாரணை மாதிரி டிசம்பர் கடிதத்தை முதலில் எடுக்காதீர்கள். 1969இல் தொடங்கி ஒவ்வொன்றாக, திண்ணையில் படித்த மாதிரியே வாய்விட்டுப் படியுங்கள். அவருக்குக் காது மந்தமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டிசம்பர் வரும்போது அவர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், பேசாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அந்தச் செவலைப் பசு கடைசியில் என்ன கன்று போட்டது என்றும் மறக்காமல் கேளுங்கள். அத்தை எழுதிய பதில்கள் எதுவும் அந்தப் பெட்டியில் இல்லையே.