பழைய செட்டிநாட்டு வீட்டு மாடித் தேக்குத் தரையைத் தேய்க்க எந்த நம்பர் உப்புத்தாள் டிஸ்க் வாங்க வேண்டும்?

தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீடு, மாடி அறையில் தேக்குப் பலகைத் தரை, மேலே பழைய வார்னிஷ் கறுத்துக் கிடக்கிறது, கடையில் கேட்டால் "கிரைண்டர்ல 36 நம்பர் மாட்டுங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்கிறார்கள், அதே டிஸ்க்கைக் கீழே ஆத்தங்குடிக் கல்லுக்கும், அதாவது வண்ண சிமென்ட் ஓட்டுக்கும், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளில் மர வேலையும் பாலிஷ் வேலையும் எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு எந்த டிஸ்க்கும் வேண்டாம். அதைக் கடைசியில் சொல்கிறேன். மரத்துக்கு வருவோம்.

கடைக்காரர் சொன்ன இரண்டுமே தப்பு, 36-ம் தப்பு, கிரைண்டரும் தப்பு. ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும், ஒரே திசையில். கை கொஞ்சம் சாய்ந்தால் போதும், பலகையில் பிறை பிறையாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் தேய்க்கும்போது தெரியாது. பாலிஷ் போட்டு, சாயங்கால வெயில் சன்னல் வழியாகத் தரையில் சாய்ந்து விழும்போதுதான் அத்தனையும் தெரியும், அப்போது திரும்ப முதலிலிருந்து தேய்க்க வேண்டும், அதற்குள் மரம் எவ்வளவு போயிருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்த தேக்கு அது. அந்த ரேகையும் அந்த நெருக்கமும் உள்ள பலகையை இன்று மாற்றிப் போடலாம் என்று நினைத்தால் நடக்காது. அதனால் நான் எந்த வீட்டில் வேலை எடுத்தாலும் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்றுதான்: வேலை நடக்கக்கூடிய டிஸ்க்குகளில் எது நைஸோ, அதிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடக் கரடாகத் தொடங்கினால் தேவையில்லாமல் மரத்தை இழக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மெஷின் என்று பார்த்தால் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். டிஸ்க் சுழலும், கூடவே சின்ன வட்டத்தில் ஆடும், அதனால் கீறல் ஒரே வரிசையில் விழாது. அதில் 125 மில்லிமீட்டர், 150 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு பரவலாகக் கிடைக்கும், ஒரு அறைக்கு 125 போதும். பின்பக்கம் வெல்க்ரோ உள்ள டிஸ்க்காகப் பாருங்கள். தூசி இழுக்கும் ஓட்டைகள் உங்கள் மெஷின் பேடில் உள்ள ஓட்டைகளோடு பொருந்த வேண்டும், எட்டு ஓட்டை பேடுக்கு ஆறு ஓட்டை டிஸ்க்கை ஒட்டினால் தூள் வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே நின்று டிஸ்க்கை அடைத்துவிடும். கடையில் மெஷினையே கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

இப்போது நம்பர். நம்பர் குறைந்தால் கரடு, கூடினால் நைஸ் என்பது உப்புத்தாள் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். டிஸ்க்கைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் நம்பருக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கும், அது ஐரோப்பிய அளவுமுறை. அந்த எழுத்து இல்லாதது பெரும்பாலும் அமெரிக்க அளவு. 40-லிருந்து 120 வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, தரை வேலைக்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 240-க்கு மேலே போனால்தான் விலகும். பாலிஷின் இரண்டு பூச்சுக்கு நடுவில் தேய்க்கத் தாள் வாங்கும்போது மட்டும் இதைக் கவனியுங்கள், ஐரோப்பிய 400-ம் அமெரிக்க 320-ம் கிட்டத்தட்ட ஒரே நைஸ்தான்.

எந்த நம்பரில் தொடங்குவது என்பதற்குத் தரையைத்தான் கேட்க வேண்டும். முதலில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஓரமாக, பீரோ நின்ற இடம் மாதிரி கண்ணில் படாத மூலையில், ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள். மேலே இருப்பது பிசுபிசுவென்று கரைந்து பஞ்சில் பழுப்பாக ஏறினால் அது அரக்கு பாலிஷ். அப்படியானால் பாதி வேலை ஸ்பிரிட்டும் ஸ்கிராப்பரும் பார்த்துக்கொள்ளும், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நெருப்போ ஓடுகிற மெஷினோ இல்லாமல் துடைத்து எடுங்கள், காய்ந்த பிறகு 80-ல் தொடங்கலாம். கரையவில்லையென்றால் எண்ணெய் வார்னிஷ், அதற்கு 60. யாரோ இடையில் எனாமல் பெயின்ட் அடித்துவைத்திருந்தால், அதைப் பின்னால் சொல்கிறபடி ஈரமாகச் சுரண்டி எடுத்த பிறகு, அல்லது பலகைகள் ஓரம் தூக்கி மேடு பள்ளமாக இருந்தால் 40. வெறும் அழுக்கும் மங்கலும்தான் என்றால் 100-ஏ போதும். 36, 24 எல்லாம் பெரிய டிரம் மெஷின் வைத்துக் கடினமான புதுத் தரையைச் சமப்படுத்துகிறவர்களுக்கு. உங்கள் மாடிக்கு அது வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு 60 என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் முதலில் இரண்டு சதுர அடியில் 80 போட்டுப் பாருங்கள், வார்னிஷ் வந்துவிட்டால் 60 வாங்கவே தேவையில்லை.

தொடங்கின பிறகு வரிசை தானாக வரும். 60, 80, 120. அல்லது 40, 60, 80, 120. நடுவில் ஒன்றைத் தாண்டலாம், இரண்டைத் தாண்டக் கூடாது. 40-லிருந்து நேராக 120-க்குத் தாவினால், 40 போட்ட ஆழமான கீறலை 120-ஆல் எடுக்க முடியாது. கீறலின் விளிம்பை மட்டும் மழமழவென்று ஆக்கிவிட்டுப் போய்விடும், கை வைத்தால் வழவழப்பாக இருக்கும், பாலிஷ் இறங்கியதும் கோடு கோடாகக் கறுக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் பென்சிலால் தரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கோடு இழுத்துவிடுங்கள், கோடு எல்லா இடத்திலும் மறைந்தால்தான் அந்தச் சுற்று முடிந்தது. நம்பர் மாற்றும்போது தரையை வாக்கம் போட்டு ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள், இல்லையென்றால் பழைய டிஸ்க்கிலிருந்து உதிர்ந்த ஒரு கரட்டு மணல் புது டிஸ்க்குக்கு அடியில் மாட்டிச் சுருள் சுருளாகக் கோலம் போட்டுவிடும். அப்புறம் செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியாத கீறல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

தரைக்கு 120-ல் நிறுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்ப்பதாக இருந்தால் 150 வரை போகலாம். அதற்கு மேலே நைஸாக்கினால் மரத்தின் துளை அடைபட்டுப் பாலிஷ் உள்ளே இறங்காது, நடந்து நடந்து உரிந்துவரும். மேஜைக்குச் செய்வதைத் தரைக்குச் செய்யக் கூடாது என்று ஆசாரிகளிடமே நான் வாதாடியிருக்கிறேன்.

சரி, நம்பருக்கு அடுத்தது டிஸ்க்கின் மேலே ஒட்டியிருப்பது என்ன என்பது. மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு போதும், பொதுவாகப் பழுப்பாக இருக்கும், சீக்கிரம் மொண்ணையாகாது. கறுப்பாக வருவது சிலிக்கன் கார்பைடு. கூர்மை அதிகம், ஆனால் நொறுங்கும், கல்லுக்கும் கண்ணாடிக்கும் பாலிஷ் பூச்சுகளுக்கு நடுவிலும் நன்றாக வேலை செய்யும், வெறும் மரத்தைத் தேய்த்துத் தள்ள அது தோதல்ல. சிர்கோனியாவும் செராமிக்கும் விலை கூட, 40, 60 மாதிரி கரட்டுச் சுற்றுக்கு நல்ல உழைப்பு. தேக்கில் இயல்பாகவே மணல் சத்து உண்டு, இழைப்புளி வாய் எவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். ஆக 40-ல் தொடங்க வேண்டியிருந்தால் முதல் சுற்றுக்குச் செராமிக் வாங்குவது கணக்குக்குக் கட்டுப்படியாகும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும், பின்பக்க எழுத்தைப் படியுங்கள்.

தேக்கில் இன்னொரு தொல்லை எண்ணெய்ப்பசை. பழைய வார்னிஷும் அதுவும் சூட்டில் இளகிச் சேர்ந்து டிஸ்க்கில் கடுகு கடுகாகத் திரண்டு ஒட்டிக்கொள்ளும், அந்தத் திரள் தரையில் உரசிப் பழுப்புத் தீற்றல் விடும். அதனால் மணல் இடைவெளி விட்டு ஒட்டிய, ஓப்பன் கோட் என்று விற்கிற டிஸ்க்கைக் கேளுங்கள். மேலே வெள்ளையாக மாவு பூசினாற்போல வருகிற டிஸ்க் கிடைத்தால் 80-க்கும் 120-க்கும் அதை வாங்குங்கள், அந்தப் பூச்சு அடைப்பைத் தடுக்கும். அடைத்துக்கொண்ட டிஸ்க்கை உடனே தூக்கிப் போட வேண்டாம், கிரேப் ரப்பர் செருப்பின் பழைய அடித்தோலை எடுத்து ஓடுகிற டிஸ்க்கில் லேசாக அழுத்தினால் அழுக்கு உருண்டு வந்துவிடும். ஆனால் மணலே மழுங்கிப் போன டிஸ்க்கை வைத்து அழுத்தி அழுத்தி ஓட்டாதீர்கள், அது தேய்க்காது, மரத்தைச் சூடாக்கிப் பளபளப்பேற்றும். மெஷினின் கனமே போதும், கை வழிகாட்ட மட்டும்தான். ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் சரியான வேகம்.

ஆணிகளைப் பாருங்கள், இது முக்கியம். பழைய பலகைகளில் ஆணித்தலை மேலே எட்டிப் பார்க்கும். ஒவ்வொன்றையும் பஞ்ச் வைத்து உள்ளே அடித்து இறக்கிய பிறகுதான் மெஷின். இல்லையென்றால் டிஸ்க் கிழியும் என்பது சின்ன நஷ்டம், பொறி பறந்து தூசிப் பைக்குள் போனால் அது பெரிய நஷ்டம்.

பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு வந்ததே 2017-ல்தான். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியாக்காமல், நீர் தெளித்துச் சுரண்டி எடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெறும் மரத்தூளே நுரையீரலுக்கும் மூக்குக்கும் ஆகாது, என்-95 முகக்கவசம் இல்லாமல் ஆளை மெஷின் பிடிக்க விடாதீர்கள். பலகை இடுக்கு வழியாகக் கீழ் அறைக்கும் தூள் கொட்டும், அங்கே இருப்பதை முன்னாலேயே மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள், ஈரக் காற்றில் மரமும் உப்பியிருக்கும், டிஸ்க்கும் சுருண்டுகொள்ளும். தை பிறந்த பிறகு நல்ல காலம்.

இப்போது ஆத்தங்குடிக் கல். அது சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து வண்ண சிமென்ட் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வந்தது, மெஷினிலிருந்து வந்ததல்ல. வண்ணம் மேலே சில மில்லிமீட்டர்தான். மொசைக் பாலிஷ் போடுகிறவர்கள் தேய்க்கும் கல் மாட்டிய மெஷினோடு வந்து "இதையும் ஒரு ஓட்டு ஓட்டிடறோம்" என்பார்கள், விடாதீர்கள், கண்ணாடித் தோல் போய்க் கல் சொரசொரத்துவிடும், திரும்ப வராது. ஆசிட் ஊற்றவும் விடாதீர்கள், சிமென்ட்டை அரிக்கும். மென்மையான சோப்புத் தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, அவ்வளவு போதும். முகப்பில் பளிங்கு இருந்து அது மட்டும் மங்கியிருந்தால், அதற்குத் தண்ணீர் விட்டு ஓட்டும் டைமண்ட் பேடு தனியாக உண்டு, மரத்து டிஸ்க்கால் தொடக் கூடாது.

வாங்க வேண்டிய பட்டியலில் 80-ஐயும் 120-ஐயும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள், பாதியில் தீர்ந்தால் ஆட்கள் மழுங்கினதை வைத்தே முடித்துவிடுவார்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், வார்னிஷ் தூள் நிறைந்த பையும் அப்படித்தான். துணியை வெளியே விரித்துக் காயப்போட்டு, பையை அன்றன்றே முற்றத்துக்கு வெளியே காலி செய்த பிறகு கதவைப் பூட்டுங்கள்.