அரே போட்டால் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றனவா?

கேள்வி: ஒரு பிளேட்டில் 40 மி.மீ. விட்டமுள்ள துளைகளைக் கிடையாக 5, செங்குத்தாக 4 என்று வரைய வேண்டும். துளைகளுக்கு நடுவே 30 மி.மீ. இடம் இருக்க வேண்டும். ஆட்டோகேடில் (கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்) ரெக்டாங்குலர் அரே (ஒரு உருவத்தை வரிசை வரிசையாக நகலெடுக்கும் கட்டளை) போட்டு ஸ்பேசிங் 30 கொடுத்தால் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மூலைத் துளை ஒன்று வேண்டாம் என்று அழித்தால் எல்லாமே போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: 30 என்பதை 70 ஆக்குங்கள், முதல் சிக்கல் தீர்ந்துவிடும். அரே கேட்கும் ஸ்பேசிங் என்பது ஓரத்துக்கு ஓரம் உள்ள காலி இடம் அல்ல. ஒரு உருவத்தின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து அடுத்த உருவத்தின் அதே புள்ளி வரை உள்ள தூரம். வட்டம் என்றால் மையத்திலிருந்து மையம். ஆகவே துளையின் விட்டம் 40, நடுவில் விடும் 30, இரண்டையும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். துளைகள் இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ போக வேண்டுமென்றால் அதே எண்ணுக்கு முன்னால் மைனஸ் போடுங்கள்.

மொத்த நீளத்தை வைத்து ஸ்பேசிங் கண்டுபிடிப்பவர்கள் சறுக்குவது வகுத்தலில். முதல் மையத்திலிருந்து கடைசி மையம் வரை 280 என்றால், 5 துளைகளுக்கு நடுவே 4 இடைவெளிதான். 4-ஆல் வகுக்க வேண்டும். உருவங்களை வட்டமாகச் சுற்றி அடுக்கும் போலார் அரேயில் இது கொஞ்சம் மாறும். முழு 360 டிகிரியில் 8 துளைகள் என்றால் 8-ஆல்தான் வகுக்கப்படும், 45 டிகிரிக்கு ஒன்று வரும். ஏனென்றால் சுற்றி வந்து முதல் துளையிலேயே முடிகிறது. அரைவட்டம், அதாவது 180 டிகிரி நிரப்பச் சொன்னால் இரு முனையிலும் துளை உட்காரும். அப்போது 45 டிகிரி வேண்டுமானால் எண்ணிக்கை 5. இதைப் பார்க்காமல் 4 கொடுத்தால் 60 டிகிரி வந்து நிற்கும், போல்ட் உட்காராது.

சரி, அழிக்கும் விஷயம். 2012 பதிப்பிலிருந்து ஆட்டோகேடில் அசோசியேட்டிவ் அரே வந்துவிட்டது. துளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக இருக்கும். அதனால்தான் ஒன்றைத் தொட்டால் எல்லாமே செலக்ட் ஆகிறது. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே வேண்டாத துளையைக் கிளிக் செய்து டெலீட் அழுத்துங்கள். அது மட்டும் போகும். அப்புறம் மனம் மாறினால் அரேயைக் கிளிக் செய்து ரீசெட் கொடுக்கலாம். துளை திரும்ப வரும்.

பலர் இந்த இடத்தில் அரேயை எக்ஸ்ப்ளோட் செய்துவிடுகிறார்கள், அதாவது உடைத்துப் பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்ப்ளோட் ஆனதும் 20 தனித்தனி வட்டங்கள்தான் மிஞ்சும். நாளைக்கு விட்டத்தை 42 ஆக்கச் சொன்னால் அத்தனையையும் மாற்ற வேண்டும். அரேயாகவே இருந்தால் எடிட் சோர்ஸ் (மூல உருவத்தைத் திருத்தும் வசதி) போய் ஒரே ஒரு வட்டத்தை மாற்றினால் போதும், மற்றவை தாமாக மாறிக்கொள்ளும். மாற்றியதைச் சேமித்து வெளியே வர மறக்காதீர்கள். சென்டர் லைன் (துளையின் மையத்தைக் காட்டும் கோடு) போடுவதாக இருந்தால் அதையும் வட்டத்தோடு சேர்த்தே அரே செய்யுங்கள். பின்னால் தனியாக ஒட்டவைப்பது வீண் வேலை.

அசோசியேட்டிவ் வேண்டவே வேண்டாம் என்றால், அரே போடும்போதே ரிப்பனில் (திரையின் மேலே உள்ள பட்டன் பட்டை) அந்தப் பட்டனை அணைத்துவிடலாம்.